கோணல் தையல்

இறந்தபின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கும் படிவம் மேசைமேல் கிடக்கிறது. வாரிசு கையெழுத்திட வேண்டிய கோட்டில் ஜன்னல் வெயில் விழுகிறது. மகள் பேனாவைத் தொடவில்லை. எழுத்தர் அடையாளக் குறி கேட்கிறார். தையல்காரியான அம்மா தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுகிறாள். "இங்க ஒரு தழும்பு. இவ பொறந்தப்ப டாக்டர் தைச்சது. ஒரே கோணல். நான் இப்படித் தைச்சிருந்தா ஒரு ஆள்கூட என் கடைப்பக்கம் எட்டிப் பாத்திருக்கமாட்டாங்க. படிக்கிற பிள்ளைங்க என்மேல தைச்சுப் பழகட்டும்." மகளின் குரல் உடைகிறது. "உன்னைக் கிழிக்கவா நான் கையெழுத்துப் போடணும்?" "நீ வர்றதுக்கே என்னைக் கிழிச்சாங்கடி. வேண்டாம்னா சொன்னேன்?" மின்விசிறிக் காற்றில் படிவம் படபடக்கிறது. ஊசி ஏறிக் காய்த்த விரல்களால், துணியைப் பிடிப்பதுபோல, அதன் இரு ஓரங்களையும் தையல்காரி அழுத்திப் பிடிக்கிறாள். மகள் பேனாவை எடுக்கிறாள். முனையைக் கோட்டில் வைக்கிறாள். "கோணாம போடு," என்கிறாள் அம்மா.