அண்ணாகிட்ட பேசுங்க

“அப்பாவ எப்படி வழிக்குக் கொண்டுவர்றதுன்னு நீங்கதாங்கண்ணா சொல்லணும்” என்றான் அறிவழகன்.

மாரண்டஹள்ளியில் பானுமதியின் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இனிப்புப் பெட்டி இன்னும் மடியிலேயே இருந்தது. கொடுக்க மறந்திருந்தான்.

எதிரே மாதப்பன். புதிதாக மை அடித்த தலை, மடித்துக் கட்டிய லுங்கி. பானுவுக்கும் இவருக்கும் வயதில் நிறைய இடைவெளி போல என்று அறிவழகன் நினைத்துக்கொண்டான். தக்காளி வண்டிக்காரனிடம் செல்போனில் கன்னடத்தில் பேசி முடித்துவிட்டு, மாதப்பன் நிமிர்ந்தார்.

“எந்த அப்பாவ?”

“பானுவோட அப்பாவத்தாங்க.”

“ஓ.”

அறிவழகனும் பானுமதியும் ஓசூரில் ஒரே கம்பெனி. பல ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளப் பொதுச் சொற்களைத் தொகுப்பது வேலை. ஒரு ஆஸ்பத்திரி ‘சர்க்கரை’ என்று எழுதும், இன்னொன்று ‘நீரிழிவு’ என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும்.

நோயாளியுடன் வருபவர் என்ன உறவு என்ற பகுதி முழுக்க அறிவழகன் பொறுப்பு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பதில் அவன் கறார். போன மாதம்தான் அதை முடித்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கியிருந்தான்.

கல்யாணப் பேச்சை எடுத்தபோது பானுமதி சொன்னது ஒன்றுதான். “அண்ணாகிட்ட பேசுங்க. அவரு சரின்னா சரி.” இன்று அவளுக்கு ஆபீஸ். இவன் மட்டும் லீவு போட்டுவிட்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தான்.

“அவங்க அப்பா மேல உங்களுக்கு என்ன கோவம்?” என்றார் மாதப்பன்.

“கோவம் இல்லீங்கண்ணா. இத்தன நாள் பழகறோம், பானு வாயில அப்பான்னு ஒரு வார்த்த வந்ததில்ல. படிக்க வெச்சது அண்ணா, ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தது அண்ணா, காய்ச்சல்னா ஓசூருக்கு ஓடி வர்றது அண்ணா. அப்பான்னு ஒருத்தரு என்னதாங்க பண்ணாரு?”

“அதானே.”

அந்த ‘அதானே’ அறிவழகனுக்குத் தெம்பு கொடுத்தது. குரலைத் தாழ்த்தினான்.

“அவரு மொறச்சா மொறச்சுட்டுப் போகட்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கலாம். சாட்சிக் கையெழுத்து மட்டும் நீங்க போட்டா போதும்.”

மாதப்பன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அவன் மடியிலிருந்த பெட்டியை எடுத்துப் பிரித்தார். ஒரு மைசூர்பாகை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“ரிஜிஸ்டர் ஆபீஸ் எதுக்கு? மண்டபத்துலயே வெச்சுக்கலாம்.”

அறிவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பா ஒத்துக்குவாருங்களா, அண்ணா?”

“எங்க கன்னட வூட்டுல அப்பனத்தான் அண்ணான்னு கூப்புடறது, மாப்ள.”