கன்னத்துச் செல்

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்த உயிரியல் ஆசிரியை, எதிரே நின்ற கல்லுடைப்பவரின் மகளை முறைத்தார்.

"கன்னத்துச் செல்லைக் காட்டச் சொன்னா கிருமிச் சந்தையைக் காட்டுறே. இதுல உட்கருவை எங்கேடி தேடுறது? பல் விளக்குனியா இன்னைக்கு?"

"விளக்கினேன் மேடம்."

"வாய் கொப்புளிக்கக்கூட உங்க வீட்ல யாரும் சொல்லித் தரலையா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவள் தலை குனிந்து நின்றாள். அவளுடைய செய்முறை நோட்டில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு முட்டை விழுந்தது.

மணி அடித்து ஆய்வகம் காலியான பிறகு அவள் மட்டும் திரும்பி வந்தாள். கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்த கண்ணாடித் துண்டை மேசைமேல் வைத்தாள்.

"என் ஸ்லைடு இதுதான் மேடம். பார்த்துட்டு மார்க் போடுறீங்களா?"

"அப்போ நான் பார்த்தது யாரோடது?"

"எப்படிச் செய்யணும்னு காட்டுறதுக்கு, உங்க வாயிலேர்ந்து சுரண்டி வெச்சீங்களே, அது. நான் மாத்துறதுக்குள்ள குனிஞ்சு பார்த்துட்டீங்க."

ஆசிரியைக்குக் காது மடல் வரை சுட்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையையே பார்த்தார்.

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எல்லாரும் இருந்தாங்களே மேடம்."