சரணடைய வந்தவர்

"சார், உங்க பேங்க்ல கொள்ளையடிச்சது நான்தான். போலீசைக் கூப்பிடுங்க."

மேனேஜர் பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த பேங்க்ல?"

"இதே பேங்க்லதான் சார். போன மாசம்."

"நான் இருக்கும்போதா? அப்படி ஒண்ணு நடந்திருந்தா பேப்பர்ல என் போட்டோ வந்திருக்குமேய்யா!"

சரணடைய வந்த பெயின்டருக்குக் குழப்பமாக இருந்தது. பொய் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தார். உண்மையைச் சொல்லவுமா இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்?

வாட்ச்மேன் சந்தேகத்தோடு அவர் பையை வாங்கிக் கவிழ்த்தார். இரண்டு சட்டை, ஒரு போர்வை, பல் விளக்கும் பிரஷ்.

"இதெல்லாம் எதுக்கு?"

"ஜெயிலுக்குங்க. சம்சாரம் எடுத்து வெச்சுக் கொடுத்தா."

இத்தனை நாளும் வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். யாரும் வரவில்லை. மனைவியின் நெஞ்சில் போட்ட தையலைப் பிரித்த அன்று, ஆபரேஷனுக்குப் பணம் வந்த வழியை அவளிடம் சொல்லிவிட்டார்.

"நீங்க தலைகுனிஞ்சு நடக்கிறதைப் பார்க்கவா நான் பிழைச்சு வந்தேன்? போய் ஒத்துக்குங்க. நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, அவளே பையை அடுக்கிக் கொடுத்தாள்.

"விளையாட்டு இல்ல சார்" என்றார் பெயின்டர். "பாக்கெட்டுக்குள்ள பெயின்ட் பிரஷ் காம்பைத் துப்பாக்கி மாதிரி பிடிச்சுக்கிட்டு..."

வாட்ச்மேன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதோ பாருய்யா" என்றார் மேனேஜர். "போன மாசம் பணம் குறைஞ்சது உண்மை. ஆனா கொள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதோ, மூணாம் கவுன்ட்டர் அம்மா யாருக்கோ ஒரு கட்டு கூடுதலாக் கொடுத்துட்டாங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இப்ப மாசாமாசம் அவங்க சம்பளத்துல பிடிக்கிறோம். உட்கார்றது இங்கே, கவனம் எங்கேயோ!"

பெயின்டர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார்.

அதே அம்மா. "சத்தம் போடாதீங்கம்மா, சம்சாரத்துக்கு இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்" என்று அன்றைக்குப் பெயின்டர்தான் நடுங்கினார். அந்த அம்மாவின் கை நடுங்கவில்லை. பணக்கட்டைப் பேசாமல் நகர்த்தி வைத்தார்.

அந்த அம்மா பயந்துபோய்க் கொடுத்தார் என்றுதான் பெயின்டர் இதுவரை நினைத்திருந்தார்.

இப்போது வாயைத் திறந்தால், கொள்ளையை மறைத்த குற்றத்துக்கு அந்த அம்மாவின் வேலையும் போகும்.

"சரிய்யா, பிரஷ் காம்பைப் பிடிச்சுக்கிட்டு... அப்புறம் என்ன ஆச்சு?"

"மன்னிச்சுக்குங்க சார்." பெயின்டர் பையை எடுத்துக்கொண்டார். "பேங்க் மாறி வந்துட்டேன்."

"அடிச்ச பேங்க் எதுன்னே தெரியல, இவரெல்லாம் கொள்ளைக்காரராம்!" வாட்ச்மேன் சத்தமாகவே சிரித்தார்.

போகிற வழியில் பெயின்டர் மூன்றாம் கவுன்ட்டர் முன்னால் நின்றார்.

"என்னால நீங்க பேச்சு வாங்குறீங்களேம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்க சம்பளத்துல பிடிக்கிறதை இனிமே மாசாமாசம் நான் கொண்டுவந்து கொடுத்துடறேன்."

அந்த அம்மா நோட்டு எண்ணுவதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். அவங்க பிழைச்சுட்டாங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க."