மோட்டாரில் கோளாறில்லை

வாடகைக் காரின் மோட்டாரில் ஏதோ அரைக்கிறது என்று ஓட்டுநர் ரெஜினா புகார் செய்தாள். கார் தன்னைத்தானே சோதித்தது. மோட்டார் சரி, ஓட்டுநரின் காதில்தான் கோளாறு என்று திரையில் காட்டி, அவளுடைய உரிமத்தை முடக்கியது.

மெக்கானிக் ஏகாம்பரம் ஓடும் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். பேரிங் நறநறத்தது.

"கேக்குதுல்லண்ணே? நீங்க எழுதிக் குடுத்தா உரிமம் வந்துரும்."

போன மாதம் அப்படி எழுதிக் கொடுத்த மெக்கானிக்கின் காதிலும் கோளாறு என்றது கார். அவர் இப்போது இளநீர் விற்கிறார்.

"ஒண்ணும் கேக்கலயேம்மா."

"அப்ப ஏன் மூஞ்சி சுளிக்கிறீங்க?"

அடுத்த ஓட்டுநர் வந்து காரைக் கிளப்பினார். சட்டென்று தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டார். வெளியே நின்ற ரெஜினாவைப் பார்த்தார். பிறகு பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனார்.