அலை அடங்காத நாள்

குரு, நடுக்கடலில் காற்றாலை நிறுவும் கப்பலில் வேலை பார்த்தான். அலை ஓங்கினால் அந்தக் கப்பலால் தன் இரும்புக் கால்களைக் கடலடியில் ஊன்ற முடியாது, வேலை நின்றுவிடும். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போன் வரும். அதற்காகவே பாப்பிரெட்டிப்பட்டி மாரியம்மனிடம் அலை கேட்டுக் கற்பூரம் ஏற்றிவந்தாள் அவன் மனைவி கலைமணி. யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் அலை கப்பலையே சாய்த்தது. உடலைக் கொண்டுவந்து சொந்தக் கொல்லைக்காட்டில் புதைத்தார்கள். தண்ணீர் புகுந்த அவன் போன் பீரோவுக்குள் கிடந்தது.

கருமாதி முடிந்த மாலை, அந்த நம்பரிலிருந்து போன் வந்தது.

"அலை ஜாஸ்தி கலை. ரொம்பக் குளுருது."

"எப்பங்க அடங்கும்?"

"நீ கேக்கறத நிறுத்துனா அடங்கும்."

அடங்கினால் போன் வராது. மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினாள். அலைதான் கேட்டாள்.