சித்திரையில் பார்த்த ஓடை

மனுவைப் படித்து முடித்தார் சர்வேயர் ஐயா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

எழுத்தில் ஒரு குறையும் இல்லை.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் கனகவேணி உட்கார்ந்திருந்தாள். நான்காம் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள் போல. அளவு நாடா இன்னும் கழுத்தில் கிடந்தது.

மடியில் பழைய மனுக்கள் மூன்று. மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தவை.

முதல் மனுவில் ஓடை என்று எழுதியிருந்தார்கள். நான்காம் தெரு வழியே போன ஓடையை மூடி மனை போட்டுவிட்டார்கள், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, திரும்பத் தோண்டித் தாருங்கள். பதிவேட்டில் அப்படி ஓர் ஓடையே இல்லை என்று பதில் வந்தது.

அடுத்ததில் வாய்க்கால் என்று மாற்றினார்கள். எந்தக் கண்மாய்க்குப் போகிற வாய்க்கால் என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவதில் வடிகால். நாங்கள் கட்டாத வடிகாலை நாங்கள் எப்படித் தூர்வாருவது என்று நகராட்சியிலும் கையை விரித்துவிட்டார்கள்.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. கால்வாய் என்று போடச் சொன்னார் வாத்தியார். வாறுகால் என்றாள் பூக்காரி. சாக்கடை என்று எழுதினால்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது வந்து பார்ப்பார்கள் என்றார் ஒருவர்.

"சார், நீங்க சர்வேயில இருந்தவங்களாமே. என்ன பேரு எழுதுனா ஒத்துக்கிருவாங்க? அத மட்டும் சொல்லுங்க. அதையே எழுதிர்றேன்."

எந்தப் பெயரும் எடுபடாது. அது அவருக்குத் தெரியும்.

ஏட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. பள்ளம். அவர் கையால் எழுதியது.

ஓடை என்றால் ஒருவரும் தொட முடியாது. பள்ளம் என்றால் மண்ணடித்து மேடாக்கி மனை போடலாம்.

போட்டார்கள்.

முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய சித்திரை. அறுப்பு முடிந்து காடு வெறிச்சென்று கிடந்தால்தான் சங்கிலி இழுத்து அளக்க முடியும். அதனால் நில அளவைக்கு எப்போதும் கோடைதான். அந்த இலாகாவில் ஓடையில் தண்ணீர் ஓடிப் பார்த்த ஆள் அபூர்வம்.

அந்த இடம் நீளமாக, குறுகலாக, கருவேல முள் மண்டிக் கிடந்தது. பேருக்குக்கூட ஈரமில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் சோலையப்பன் கூடவே நடந்து வந்தார்.

"இது ஓடைங்கய்யா. ஐப்பசியில ஒரு நட வந்து பாருங்க."

"தண்ணி இல்லாத ஓடைய நான் கனாவுலயா பாக்குறது?"

சங்கிலி பிடித்தவர்கள் சிரித்தார்கள். சோலையப்பனும் சிரித்து வைத்தார். அதிகாரி கேலி செய்தால் சிரிக்காமல் என்ன செய்வார்.

வெயில் தாங்கவில்லை, அதனால்தான் என்று இத்தனை வருடமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெயிலெல்லாம் இல்லை. ஓடை என்று எழுதினால் இரண்டு கரையையும் வளைவுக்கு வளைவு அளந்தாக வேண்டும். முள்ளுக்குள் முழுசாக இரண்டு நாள் வேலை. பள்ளம் என்று எழுதினால் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

கிளம்பினார். அன்றைக்கு மீன் குழம்பு. பாழாய்ப்போன மனதுக்கு அது கூட ஞாபகம் இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் இதே நகரில்தான் மனை வாங்கினார். முதல் தெருவில், நல்ல மேட்டில். தெற்குப் பார்த்த மனை எதற்கு என்று மனைவி முணுமுணுத்தாள். அவர் காரணம் சொல்லவில்லை.

இந்தத் தெருக்களில் அவருக்குப் பெயர் சர்வேயர் ஐயா. எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"மழை ஆரம்பிச்சிருச்சுன்னா எங்கப்பாவ நெனச்சுத்தான் சார் பயம்" என்றாள் கனகவேணி. "சோலையப்பன்னு பேரு. எங்க காட்டுலயே, ஓடைய ஒட்டித்தான் வீடு கட்டினாரு. இப்ப படுத்த படுக்கை. போன ஐப்பசிக்குக் கட்டில் கால்ல நாலு நாலு செங்கல் வச்சோம். பத்தல. மெத்த நனைஞ்சிருச்சு."

அவர் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரையும் வைய மாட்டாரு சார். அப்பவே ஒரு ஆபீசர்ட்ட காமிச்சேன்மான்னு சொல்லுவாரு. அம்புட்டுத்தான். அந்த ஆபீசர் எழுதிக் குடுத்தா திருப்பி அளக்க வருவாங்களாம். தாலுகாவுல ஒருத்தர் சொன்னாரு. அவரு எங்க இருக்காரோ, இருக்காரோ இல்லையோ."

ஜன்னலுக்கு வெளியே புரட்டாசி மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவந்தார். அனுப்புநர் என்று எழுதினார். அதன் கீழே தன் பெயர். பெயருக்குக் கீழே பழைய பதவி.

அந்த இடம் ஓடை. பள்ளம் என்று எழுதியவன் நான். தெரியாமல் எழுதவில்லை. சோம்பலில் எழுதினேன்.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பேனா அங்கேயே நின்றது. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி வெட்கம் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் விரல் வைத்துப் படித்தாள். பாதியில் விரல் நின்றது.

தலை நிமிரவில்லை. கழுத்தில் கிடந்த நாடாவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தும் மாட்டாமல் நின்றார்.

"அப்பா இந்நேரம் முழிச்சிருப்பாராம்மா?"