அங்கம்மாள் பெயர்

காஹாங் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், வேலையாட்கள் வரிசையாக நிற்க, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பட்டை சீவி ரப்பர்ப் பாலெடுக்க, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பதில் சொல்ல வேண்டும். பொன்னாயியின் ஒரே மகள் அங்கம்மாள் தொண்டைப் புற்றுக்காக ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் படுத்து ஒரு மாதம். குரலும் போய்விட்டது.

"பேர அடிச்சிரவா, பொன்னாயி?"

"ஐயோ, வேணாங்க கங்காணி! எம்மவ வந்துருவா. நீங்க பாட்டுக்குக் கூப்பிடுங்க."

நல்ல மனுஷன், தினமும் கூப்பிட்டார்.

ஒரு வியாழக்கிழமை, "அங்கம்மா!" என்றதும், "இருக்கேங்க" என்று கேட்டது. மகளின் பழைய குரலேதான். பொன்னாயி திரும்பினாள். பக்கத்தில் யாருமில்லை.

"வந்துட்டாளா? சொல்லவே இல்லியே!" என்றபடி கங்காணி குறித்துக்கொண்டார். அன்று அங்கம்மாளுக்கு ஒதுக்கிய நிரையில் மரமெல்லாம் பால் வெட்டியிருந்தது. மரத்தில் கட்டிய மங்குகள் நிறையப் பால். மறுநாளும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை பொன்னாயி ரயிலேறிப் போனாள். கழுத்துக் கட்டோடு மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எந்திரிக்கலம்மா. நாங்கதான் தூக்கி உக்கார வைக்கிறோம்" என்றாள் நர்ஸ்.

பொன்னாயி மகளின் கையைப் பிடித்தாள். விரலிடுக்கெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. நர்ஸ் திரும்புவதற்குள் ஒவ்வொரு விரலாக உரித்தெடுத்தாள். பிறகு காதோரம் குனிந்தாள்.

"நாளைக்கும் வந்துரு, தாயி. தனியா நிக்க முடியல."